ரிலையன்ட் நெருங்கியபோது கிர்க் ஷீல்டு (தற்காப்புக் கவசம்) போடாதது எவ்வளவு பெரிய தவறு?

விண்வழி:
1982-ல் வந்த இரண்டாவது ஸ்டார் ட்ரெக் படத்தைப் பற்றி ஒரு கேள்வி. அட்மிரல் கிர்க்கின் பழைய எதிரி கான் கைப்பற்றிய ரிலையன்ட் கப்பல், கிர்க்கின் எண்டர்பிரைஸை நோக்கி எந்த அழைப்புக்கும் பதில் தராமல் நேராக வருகிறது. கான் கைப்பற்றியது கிர்க்குக்குத் தெரியாது. தொடர்பு கிடைக்காத கப்பல் நெருங்கும்போது பின்பற்ற வேண்டிய விதியான ஜெனரல் ஆர்டர் 12-ஐ லெப்டினென்ட் சாவிக் சொல்ல வாயெடுத்ததும், மூத்த அதிகாரி ஸ்பாக் இடைமறித்துவிடுகிறார். கிர்க் யெல்லோ அலர்ட் என்ற எச்சரிக்கை நிலையோடு நின்றுவிடுகிறார். வருவது சொந்தப் படைக் கப்பல்தானே? வேறு என்ன செய்திருக்க வேண்டும்?

பிரிட்ஜ்வாசி:
பெரிய தவறுதான். அவர் ஏன் அந்தப் பக்கம் போனார் என்று யோசித்துப் பாருங்கள். ரெகுலா விண்வெளி ஆய்வு நிலையத்திலிருந்து விஞ்ஞானி கரோல் மார்க்கஸ் பேசிக்கொண்டிருக்கும்போதே அலைவரிசையை யாரோ முடக்கினார்கள். அதை விசாரிக்கப் போகிற வழியில் ஒரு கப்பல் வாய் திறக்காமல் எதிரே வருகிறது. சந்தேகப்பட இதுவே போதும்.

யெல்லோ அலர்ட்டில் தற்காப்புப் புலங்களுக்கு மின்சாரம் போகும், அவ்வளவுதான். ஷீல்டுக்குத் தனி உத்தரவு வேண்டும். செய்ய வேண்டியது எளிது: பதில் இல்லையென்றால் ஷீல்டை ஏற்று, தூரத்தைக் குறைக்காதே, ஆனால் ஆயுதங்களால் குறிவைக்காதே. நண்பனாக இருந்தால் இறக்கிவிட்டு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் முடிந்தது.

அதற்குப் பிறகும் ஒரு வாய்ப்பு வந்தது. சேம்பர்ஸ் காயில் (coil) என்ற பாகத்தில் கோளாறு, அதனால் பேச முடியவில்லை என்று ரிலையன்ட் சொல்கிறது. ஸ்பாக் ஸ்கேன் செய்து, காயில் உமிழ்வு இயல்பாக இருக்கிறது என்கிறார். பொய் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. கிர்க் ஷீல்டு கேட்பதோ ரிலையன்ட் தன் ஷீல்டை ஏற்றிக் குறிவைத்த பிறகு. முதல் அடியே எஞ்சின் அறையில். அங்கே இருந்தவர்களில் பலர் பயிற்சி மாணவர்கள். அவர்களில் ஒருவரான பீட்டர் பிரஸ்டனின் சாவு இந்தக் கணக்கில்தான் வரும்.

சேட்டி5:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்து தப்பித்ததைச் சாமர்த்தியம் என்று கொண்டாடுவது எனக்கு உடன்பாடில்லை. கான் கேட்கும் ஜெனசிஸ் (கரோலின் ஆய்வுத் திட்டம்) தகவலைத் தேட வேண்டும் என்று சொல்லி கிர்க் அவனிடம் 60 விநாடி வாங்குகிறார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்க்கிறார். ரிலையன்ட்டைத் தொலைவிலிருந்தே கட்டுப்படுத்த உதவும் அதன் முன்குறி எண் 16309. அதை அனுப்பியதும் எதிரியின் ஷீல்டு இறங்குகிறது. இவர்களிடம் மிச்சமிருந்தது சில பேசர் (கதிர் ஆயுதம்) சுடுகளுக்கான சக்தி மட்டுமே.

இது பலித்ததற்குக் காரணம், கானின் ஆட்களுக்கு அந்தக் கப்பல் புதிது. கட்டளையை முறியடிக்கும் வழியை அவர்களால் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த எண்ணை முன்பே மாற்றியிருந்தால் எண்டர்பிரைஸ் அங்கேயே அழிந்திருக்கும்.

என்னைக் கேட்டால் மூலத் தவறு 15 வருடம் பழையது. கிர்க் கானைச் சேட்டி ஆல்ஃபா ஐந்து என்ற கோளில் இறக்கிவிட்ட பிறகு யாருமே எட்டிப் பார்க்கவில்லை. ஆறே மாதத்தில் பக்கத்துக் கோளான சேட்டி ஆல்ஃபா ஆறு வெடித்து, ஐந்தின் பாதை மாறிப்போனது. ரிலையன்ட்டின் ஆட்கள் அதை ஆறு என்று நினைத்துத்தான் இறங்கி, கானிடம் சிக்கினார்கள்.

பிரிட்ஜ்வாசி:
கண்காணிப்பு ஒரு கேப்டனின் வேலை மட்டும் அல்ல, அதற்குத் தலைமையகமும் பொறுப்பு. ஷீல்டு உத்தரவு அப்படியில்லை, அது அந்த நாற்காலியில் இருப்பவருடையது.

விண்வழி:
அப்படியானால் ஸ்பாக்குக்கும் பங்கு இருக்கிறதே? சாவிக்கின் வாயை அடைத்தது அவர்தான்.

பிரிட்ஜ்வாசி:
நிச்சயமாக. விதி அட்மிரலுக்குத் தெரியும் என்றார் ஸ்பாக். தெரிந்தவருக்கும் அந்த நேரத்தில் நினைவூட்டத்தான் லெப்டினென்ட் பிரிட்ஜில் இருக்கிறார். அடி வாங்கிய பிறகு கிர்க்கே சாவிக்கிடம், விதிகளைத் தொடர்ந்து எடுத்துச் சொல்லுங்கள் என்கிறார்.