ஒரே அம்மாவுக்கு 11.8, 8, 6.9: பல்ஸ் வேவ் வெலாசிட்டிக்கு எந்த நீளத்தைப் போடுவது?

உடலியல் மாணவி:
ஆய்வேட்டுக்காக கரோட்டிட்–ஃபெமரல் பல்ஸ் வேவ் வெலாசிட்டி எடுக்கிறேன். அதாவது கழுத்து நாடிக்கும் கவட்டை நாடிக்கும் நடுவே நாடி அலை ஓடும் வேகம். வேகம் கூடினால் ரத்தக்குழாய் விறைத்திருக்கிறது என்று அர்த்தம். நேற்று வந்த அம்மாவுக்கு வயது 52, உயரம் 158 செ.மீ., வயிறு கொஞ்சம் பெரிசு. கழுத்தில் நாடி தெரிந்த இடத்திலிருந்து கவட்டை வரை டேப்பை வயிற்று மேலேயே ஓட்டினேன், 66 செ.மீ. இரண்டு இடத்துக்கும் நாடி வந்து சேரும் நேர வித்தியாசம் 56 மில்லி செகண்ட். கணக்குப் போட்டால் நொடிக்கு 11.8 மீட்டர், எல்லைக்கோடான 10-ஐத் தாண்டுகிறது. பிரஷரோ 124/80 தான். ஜூனியர் வேறு மாதிரி அளந்து 8 என்கிறான். யார் சரி? பேசாமல் உயரத்தை வைத்தே நீளத்தைக் கணக்கிட்டுவிடலாமா?

டேப் அண்ணாச்சி:
முதலில் டேப்பை வயிற்றிலிருந்து எடுங்கம்மா. ரத்தக்குழாய் தொப்பைக்கு மேலே ஏறி இறங்குவதில்லை. இரண்டு புள்ளிக்கும் நடுவே நேர்கோட்டில் அளக்கணும். பெரிய காலிப்பர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் உடம்புக்கு மேலே ஒரு நீளக் குச்சியைச் சமமாகப் பிடித்து, இரண்டு முனையையும் அதில் குறித்துக்கொள்ளுங்கள். தையல்கடைத் துணி டேப் வேண்டாம், நாள்பட இழுத்துக் கொடுக்கும்.

வந்த நீளத்தை 0.8-ஆல் பெருக்கணும். இதயத்திலிருந்து கிளம்பும் அலை கழுத்துக்கு ஏறுகிற அதே நேரத்தில் மகாதமனியில் கீழேயும் இறங்குகிறது. கழுத்துக்கு ஏறிய தூரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் வேகம் கூடித்தான் வரும். முன்பு எல்லைக்கோடு 12. 2012-இல் ஐரோப்பிய நிபுணர்கள் இந்த 0.8-ஐப் பரிந்துரைத்தபோதுதான் அது 10 ஆனது. நீங்கள் பெருக்காத எண்ணை 10-உடன் ஒப்பிட்டிருக்கிறீர்கள்.

ஜூனியர் நெஞ்செலும்பின் மேல்குழியிலிருந்து கவட்டைக்கு அளந்து, அதே குழியிலிருந்து கழுத்துக்கு உள்ள தூரத்தைக் கழித்திருப்பார். அதுவும் ஒரு முறைதான். ஆனால் ஒரே ஆய்வில் இரண்டும் கூடாது.

உடலியல் மாணவி:
ஆமாம் சார், 53-இல் 8 போக 45 என்று எழுதியிருக்கிறான். அந்த அம்மாவை இன்று வரச்சொல்லி குச்சி பிடித்து அளந்தேன், 60 செ.மீ. 0.8-ஆல் பெருக்கி, நேற்றைய பதிவிலேயே 48 என்று போட்டேன். மெஷின் 6.9 காட்டுகிறது!

டேப் அண்ணாச்சி:
செட்டிங்ஸில் தூரம் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். மெஷினே 0.8 போடுகிறது, நீங்களும் போட்டுவிட்டீர்கள். 60-ஐயே கொடுங்கள், 8.6 வரும்.

கணுக்கால் கோஷ்டி:
உயரக் கணக்கு கை–கணுக்கால் கருவிகளுக்கு உரியது. ஜப்பானியர் உடலளவை வைத்துச் செய்தது. இதயம்–கணுக்கால் தூரம் உயரம் × 0.8129 + 12.328, இதயம்–மேற்கை தூரம் உயரம் × 0.2195 − 2.0734. நீங்கள் அளந்த அந்த அம்மாவுக்கு இரண்டின் வித்தியாசம் 108 செ.மீ. வரும். அங்கே எல்லைக்கோடே 18. அதை இதில் கலக்காதீர்கள். வயதானவர்களுக்கு மகாதமனி நீண்டு வளையும், அது உயரத்துக்கும் தெரியாது, டேப்புக்கும் தெரியாது. எம்.ஆர்.ஐ. போன்ற ஸ்கேனில்தான் தெரியும்.

உடலியல் மாணவி:
8.6 வந்துவிட்டது! இதுவரை எடுத்த 34 பேருக்கும் நேரம் பதிவில் இருக்கிறது, தூரம் மட்டும்தான் தப்பு. எல்லாரையும் மறுபடி கூப்பிடணுமா?

டேப் அண்ணாச்சி:
ஜூனியர் கழித்து எழுதியவர்களை விடமுடியாது. நீங்கள் அளந்தவர்களில் வயிறு தட்டையாக இருந்தவர்களுக்கு உங்கள் பழைய அளவே போதும். ஆனால் நாலைந்து பேரைக் குச்சியால் அளந்து சரிபார்த்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

உடலியல் மாணவி:
வயிறு உள்ளவர்கள் 11, ஜூனியர் அளந்தவர்கள் 9. போன் போட ஆரம்பித்துவிட்டேன் சார்.