ஆங்கிலச் சொல்வளம்: புழங்கினால் வருமா, படித்தால்தான் வருமா?

பெரம்பூர்_ஆசிரியை:
வேலை தேடுகிற பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பாதிப் பேர் கையில் ஒரு சொல் பட்டியலோடு வருகிறார்கள். ‘மிட்டிகேட்’ என்றால் என்ன என்று கேட்டால் தணித்தல், குறைத்தல் என்று டக்கென்று பதில் வரும். வாக்கியம் எழுதச் சொன்னால் ‘அழுத தம்பியை மிட்டிகேட் செய்தேன்’ என்று எழுதுவார்கள். அந்தச் சொல் ஆளோடு சேராது. ஆபத்து, பாதிப்பு, இழப்பு போன்றவற்றோடுதான் சேரும். பட்டியல் இதைச் சொல்வதே இல்லை.

கடினமான சொல்லை நம் கண்முன் நடக்கிற விஷயத்துக்குப் பயன்படுத்திப் பழக வேண்டும் என்பது என் கட்சி. சென்னையில் அதற்கா பஞ்சம்? அக்டோபர் வந்துவிட்டால் வடகிழக்குப் பருவமழையே பாடம் நடத்தும். விட்டு விட்டுப் பெய்தால் ‘இன்டர்மிட்டன்ட்’. தாழ்வான தெரு மூழ்கினால் ‘இனண்டேட்டட்’. நடுவில் ஒருநாள் வெயில் எட்டிப் பார்த்தால் ‘ரெஸ்பைட்’. நுங்கம்பாக்கம் வானிலை மைய அறிக்கையில் ‘ஐசொலேட்டட்’, ‘ஸ்காட்டர்டு’ என்று வருகிறதே, அவை சும்மா போடுகிற சொற்கள் அல்ல. அந்தப் பகுதியில் உள்ள மழை அளவீட்டு நிலையங்களில் கால்வாசிக்குள் மழை பதிவானால் முதல் சொல், அதற்கு மேல் பாதி வரை என்றால் இரண்டாவது. முக்கால்வாசியைத் தாண்டினால் ‘வைடுஸ்ப்ரெட்’. நனைந்துகொண்டே கற்ற சொல்லை யாராவது மறப்பார்களா?

கோட்டூர்புரம்_வாசகன்:
மேடம், நீங்கள் சொன்ன சொற்கள் எல்லாமே அச்சில் வந்தவை. வானிலை அறிக்கை, செய்தித்தாள். பேச்சில் அவை எங்கே வருகின்றன? ஆங்கிலத்தில் அன்றாடப் பேச்சின் பெரும்பகுதி இரண்டு மூவாயிரம் சொற்களுக்குள் முடிந்துவிடும். அதையே திரும்பத் திரும்பப் பேசினால் சரளம் கூடும், சொல்வளம் கூடாது.

பால் நேஷன் என்ற மொழியியலாளர் 2006-ல் இதைக் கணக்கிட்டிருக்கிறார். ஒரு பனுவலில் 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருந்தால்தான் யார் உதவியும் இல்லாமல் ஓரளவு நன்றாகப் புரியும் என்பது அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல். அதன்படி நாவல், செய்தித்தாள் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும். பேச்சைப் புரிந்துகொள்ள 6,000 முதல் 7,000 போதும். (டெவலப், டெவலப்மென்ட், டெவலப்பர் எல்லாம் ஒரே குடும்பம்.) இந்த இடைவெளியைப் படிப்புதான் நிரப்பும். 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகம் எழும்பூரில் இருக்கிறது. 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் எங்கள் பகுதியிலேயே இருக்கிறது. உள்ளே போய் உட்காரக் காசு வேண்டாம்.

இன்னொன்று, தமிழில் நாம் எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று. வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் செந்தமிழ் பேசினால் எப்படி இருக்கும்? ஆங்கிலத்திலும் இடம் தெரியாமல் பெரிய சொல்லைப் போட்டால் கேட்பவர் விலகிப் போய்விடுவார்.

தரமணி_டெஸ்டர்:
வாசகன் சாரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. விழுப்புரம் பக்கத்தில் தமிழ்வழியில் படித்துவிட்டு, மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த பழைய மாமல்லபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) வேலைக்கு வந்தவன் நான். ஆங்கில நாவல் ஒன்றுகூடப் படித்ததில்லை. ‘எஸ்கலேட்’ (பிரச்சினையை மேலதிகாரியிடம் கொண்டுபோவது), ‘டிஸ்க்ரிபன்சி’ (ஒத்துப்போகாமை), ‘ரிடண்டன்ட்’ (தேவைக்கு மிஞ்சியது), ‘கன்டிஞ்சென்சி’ (எதிர்பாராமல் வரக்கூடிய நிலைமை), ‘டென்டேட்டிவ்’ (இன்னும் உறுதியாகாதது) இவற்றை எல்லாம் எந்த நூலகத்திலும் கற்கவில்லை. வாடிக்கையாளர் அனுப்பிய கணக்கும் எங்கள் கணக்கும் ஒத்துப்போகாத அன்று மெயில் எழுதியே ஆக வேண்டும். பக்கத்து இருக்கை அக்கா எழுதிய பழைய மெயிலைப் பார்த்தேன், ‘டிஸ்க்ரிபன்சி’ இருந்தது, எடுத்துக்கொண்டேன். அடுத்த வாரம் நானே எழுதினேன். தேவை வந்து கழுத்தைப் பிடிக்கும்போது ஒட்டுகிற சொல், ஏ.சி. அறையில் புரட்டிய பக்கத்தில் ஒட்டுவதில்லை.

கொளத்தூர்_தேர்வர்:
அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இந்த இரண்டுக்குமே நேரம் இல்லை. மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வின் முதல் கட்டத்தில் 100 கேள்விகளில் 25 ஆங்கிலம். ஒருபொருட்சொல், எதிர்ச்சொல், ஒரு தொடருக்கு ஒரு சொல் என்று கேட்கிறார்கள். வெளிநாட்டில் மேல்படிப்புக்கு எழுதுகிற ஜி.ஆர்.இ. தேர்வில் 2011-லேயே தனி எதிர்ச்சொல் கேள்விகளை எடுத்துவிட்டார்கள், எங்களுக்கு இன்னும் இருக்கிறது. அதனால் அட்டை எழுதி மனப்பாடம்தான். படித்ததை எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-லேயே தன்னையே வைத்துச் சோதித்துக் காட்டினார். மறக்கப்போகிற நேரத்தில் திரும்பப் பார்த்தால் நிற்கும். பட்டியலை இவ்வளவு கேவலமாகப் பேசாதீர்கள்.

பெரம்பூர்_ஆசிரியை:
தம்பி, பட்டியலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. எவெரில் காக்ஸ்ஹெட் என்ற மொழியியலாளர் 2000-த்தில் வெளியிட்ட கல்விச் சொல் பட்டியலில் 570 குடும்பங்கள்தான். கல்லூரிப் பாடநூல்களில் வரும் சொற்களில் சுமார் பத்தில் ஒன்று அதற்குள் அடங்கும். எதை முதலில் கற்பது என்று தேர்ந்தெடுக்க அது அருமையான வழிகாட்டி. ஆனால் அட்டையின் பின்பக்கம் தமிழ் அர்த்தத்தை மட்டும் எழுதாதே. உன் தெருவைப் பற்றி ஒரு வாக்கியம் எழுது. தேர்வு முடிந்து வேலைக்குப் போனால் அங்கே நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல மாட்டார்கள்.

வாசகன் சாருக்கு: அன்றாடப் பயன்பாடு என்றால் ஆட்டோக்காரரிடம் ‘இனண்டேட்டட்’ என்று பேசுவது என்று நான் எங்கே சொன்னேன்? குடியிருப்போர் சங்கத்துக்குக் கடிதம், அலுவலக மெயில், காப்பீட்டு விண்ணப்பம், ராத்திரி நான்கு வரி டைரி. நம் அன்றாடத்தில் எழுத்தும் இருக்கிறது. பெரிய சொல் அங்கே இயல்பாக உட்காரும்.

கோட்டூர்புரம்_வாசகன்:
எழுத்து என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டெஸ்டர் தம்பி கவனிக்க வேண்டும். நீங்கள் அக்காவின் மெயிலைப் படித்துத்தானே எடுத்தீர்கள்? அதுவும் படிப்புதான். அலுவலக மெயிலில் வருவது அலுவலகச் சொல் மட்டுமே. ஒரு மனிதரின் தயக்கத்தையோ பொறாமையையோ ஆங்கிலத்தில் எழுத வேண்டி வந்தால் ‘எஸ்கலேட்’ கைகொடுக்காது.

தரமணி_டெஸ்டர்:
அது எனக்கு இதுவரை தேவைப்படவில்லை சார். தேவைப்படும்போது தேடிக்கொள்வேன்.

கொளத்தூர்_தேர்வர்:
சரி, ஆசிரியை சொன்னபடி எழுதிப் பார்க்கிறேன். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி மூன்று நாள் தொடர்ந்து வரும், அப்புறம் ஒரு வாரம் வராது. வருகிற நேரமும் தெரியாது. சங்கத்துக்குக் கடிதம் எழுத வேண்டும். ‘இன்டர்மிட்டன்ட்’, ‘ஸ்போராடிக்’, ‘எர்ராட்டிக்’ மூன்றும் என் அட்டையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. எதைப் போடுவது?

கோட்டூர்புரம்_வாசகன்:
‘எர்ராட்டிக்’ போடுங்கள். எப்போது வரும் என்று கணிக்க முடியாததுதானே உங்கள் குறை. ‘ஸ்போராடிக்’ என்றால் எப்போதாவது ஒருமுறை. மூன்று நாள் தொடர்ந்து வருவதற்கு அது சரியாக இருக்காது.

பெரம்பூர்_ஆசிரியை:
சார் சொன்னதுதான் சரி. குழாயில் ஒரு மணி நேரம் வந்து நின்று மறுபடி வந்தால் ‘இன்டர்மிட்டன்ட்’ போடலாம். லாரி வந்த தேதிகளையும் கடிதத்தில் சேர்த்து எழுது தம்பி. எழுதியதும் இங்கே போடு, பார்க்கிறேன்.