புதுப்பிப்பு: குளச்சல் காற்றில் மங்கிய பைரைட், எக்ஸ்ரே முடிவு வந்தாச்சு

குளச்சலில் கடலோர வீட்டு அலமாரியில் மங்கிப்போன பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த பொன்னிறக் கனிமம்) துண்டின் மேல் என்ன படிந்திருக்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, எக்ஸ்ரே ஒளிமின்னணு நிறமாலை (மேற்பரப்பில் எந்தத் தனிமம் எந்தச் சேர்மமாக இருக்கிறது என்று முகடுகளாகக் காட்டும் சோதனை) வந்துவிட்டது. கந்தகத்தில் 162.5 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் பைரைட்டின் டைசல்ஃபைடு (இரட்டைக் கந்தகம்) இன்னும் தெரிகிறது, ஆனால் 169 அருகே சல்ஃபேட் முகடு அதைவிட உயரமாக நிற்கிறது. இரும்பிலும் அதே கதைதான்: 707இல் இருக்கும் கூர்மையான முகடு சிறுத்து, 711ஐ ஒட்டி ஃபெரிக் ஆக்சைடும் ஹைட்ராக்சைடும் (அதாவது துரு) அகலமாகப் பரவியிருக்கின்றன. உப்புக்காற்றின் குளோரினும் கொஞ்சம் உண்டு. இந்த முறை சில நானோமீட்டர் ஆழம்தான் பார்க்கும். அடியில் பைரைட் தெரிவதால் படலம் மிக மெல்லியதாகவோ திட்டுத்திட்டாகவோ இருக்க வேண்டும்.

அடியில் பார்க்க மேற்பரப்பை ஆர்கான் அயனியால் சுரண்டச் சொன்னவர்களுக்கு: வேண்டாம், அது கந்தகத்தை முதலில் பறித்து மேற்பரப்பின் வேதியியலையே மாற்றிவிடும். அப்புறம், பைரைட்டில் புதிதாக உடைத்த முகம் ஒன்றை நைட்ரஜனில் மூடி அனுப்புகிறேன், ஒப்பிட அதுதான் சரி.