ஸ்கேல் எல்லாம் கைவசம், சோலோ மட்டும் பேச மறுக்கிறது

கேள்வி:
ஜாஸ் கிட்டார் பழகத் தொடங்கி நான்கு வருடம். டோரியன், மிக்சோலிடியன், ஆல்டர்டு என்று ஸ்கேல் (ஸ்வர வரிசை) எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாசிப்பேன். நேற்று நான் வாசித்த சோலோவை, அதாவது கற்பனையாக வாசிக்கும் தனி வாசிப்பைப், பதிவு செய்து கேட்டேன். டைப்ரைட்டர் தட்டுகிற மாதிரி இருக்கிறது. தப்பான நோட் ஒன்றுகூட இல்லை, ஆனால் எதுவுமே மனதில் நிற்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1:
எனக்கும் பல வருடம் இதே வியாதி. சாக்ஸபோன்காரர் மூச்சு வாங்க நிறுத்தித்தான் ஆகவேண்டும். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை, விரல் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். கிட்டார்காரர் ஜார்ஜ் பென்சன் வாசித்தபடியே கூடப் பாடுவார், கேட்டிருப்பீர்கள். அதையே செய்யுங்கள். வாயில் வராததை விரலில் வாசிக்காதீர்கள். மூச்சு முடிந்தால் கையும் நிற்க வேண்டும். என் குரலைக் கேட்க எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது. அதனால் என்ன, கதவைச் சாத்திக்கொண்டேன்.

அப்புறம் கிட்டார்காரர் ஜிம் ஹால். 1962இல் பியானோக்காரர் பில் எவன்ஸோடு ஜோடியாக வாசித்த பதிவுகளைத் தேடிக் கேளுங்கள். டிரம்ஸ் கிடையாது, பேஸ் கிடையாது. அப்படியிருந்தும் அந்த மனிதர் வெற்றிடத்தை நிரப்ப அவசரப்படவே மாட்டார்.

பதில் 2:
பாடுவது சரி, எதைப் பாடுவது? டீ மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன் என்ற கார்டு (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகள்) வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் தந்தி ஐந்தாம் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தின் கட்டத்தில்) சி, நான்காம் தந்தி மூன்றாம் ஃப்ரெட்டில் எஃப். இந்த இரண்டு மட்டும். ஜி செவன் வந்ததும் சி ஒரு ஃப்ரெட் இறங்கி பி ஆகும், எஃப் அசையாது. சி மேஜர் வந்ததும் எஃப் ஒரு ஃப்ரெட் இறங்கி ஈ ஆகும், பி அசையாது. கார்டு மாறும் கதை முழுக்க அந்த இரண்டு இறக்கத்தில் இருக்கிறது. மற்ற நோட்டெல்லாம் அங்கே போய்ச் சேரும் வழிதான். ஆல்டர்டு ஸ்கேலைக் கொஞ்ச நாள் பரணில் போடுங்கள்.

பதில் 3:
தந்தியை மீட்டும் பிக்கையும் கீழே வைத்துப் பாருங்கள். ஜாஸ் கிட்டார்காரர் வெஸ் மான்ட்கோமரி கட்டைவிரலால்தான் வாசித்தார். வேகம் தானாகக் குறையும்.

கேட்டவர்:
இரண்டு நோட்டில் ஆரம்பித்து, பாடிக்கொண்டே ஒரு வாரம் வாசித்தேன். சுருதி சேரவில்லை, அது தனிக் கதை. ஆனால் நேற்றைய பதிவில் ஓரிடத்தில் இரண்டு பார் (தாளச் சுற்று) சும்மா விட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு வருகிற பி, பதிவில் கேட்டபோது நான் வாசித்தது மாதிரியே இல்லை.