அண்ணன் அடுத்த மாதம் விடுதலை, எந்த உதவித் திட்டத்தை நம்புவது?

படிக்கட்டு:
பதினான்கு வருடம் உள்ளே இருந்துவிட்டு அண்ணன் வெளியே வருகிறார். மறுவாழ்வுத் திட்டம் என்று தேடினால் எல்லாமே தொழிற்பயிற்சி, சான்றிதழ் என்றுதான் இருக்கிறது. முதலில் எதைக் கேட்க வேண்டும்? அம்மாவுக்கு அவர் நேராக வீட்டுக்கு வந்துவிட வேண்டும், எனக்கு அது சரிவருமா என்று பயம், இதை அம்மாவிடம் சொல்லவும் முடியவில்லை.

ஆறாவது வருடம்:
பயிற்சி எல்லாம் பிறகு. விடுதலையாகும் ஆட்களோடு வேலை செய்கிறவன் நான், எந்த அமைப்பாக இருந்தாலும் கேட்கச் சொல்வது ஒன்றுதான்: முதல் இரண்டு வாரம் அவரோடு யார் இருப்பார்கள்? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைப் பற்றி 2007இல் வந்த ஆய்வில், அந்த இரண்டு வாரத்தில் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 12.7 மடங்கு. பெரிய காரணம் போதைமருந்து; உள்ளே இருந்த காலத்தில் உடம்பு பழக்கம் விட்டிருக்கும், வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் முடிந்தது. (அண்ணனுக்கு அந்தப் பழக்கம் இல்லையென்றால் இதை விடுங்கள்.)

அப்புறம் அடையாள அட்டை. அது இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, கணக்கு இல்லாமல் சம்பளம் இல்லை. கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் ஐ.நா.வின் மண்டேலா விதிகளில் 108ஆவது விதி தங்குமிடம், வேலை, துணிமணியோடு இந்தக் காகிதங்களையும் சேர்த்தே சொல்கிறது. உள்ளே இருக்கும்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். விடுதலை வெள்ளிக்கிழமை என்றால் இன்னும் உஷார், திங்கள் வரை ஒரு அலுவலகமும் திறக்காது. பிரிட்டனில் இதற்காகவே 2023இல் சட்டம் போட்டு, தேவைப்பட்டவர்களை ஓரிரு நாள் முன்னதாகவே விட வழி செய்தார்கள்.

பழையவன்:
நானும் உள்ளே இருந்தவன்தான், ஏழு வருடம். அங்கே ராத்திரி முழுக்க விளக்கு எரியும், வீட்டுக்கு வந்த பிறகு இருட்டில் தூக்கம் வரவில்லை, அம்மா அணைப்பார், நான் போடுவேன், மூன்றாவது வாரம் வீட்டில் யாரும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பிறகு இரண்டு மாதம் ஒரு இடைத்தங்கல் விடுதியில் இருந்தேன், ஞாயிறு மட்டும் வீடு. அதுதான் எங்களைக் காப்பாற்றியது. உள்ளே இருந்து வந்தவர்களே நடத்துகிற இடம் கிடைத்தால் விடாதீர்கள். சான் பிரான்சிஸ்கோவில் டெலான்சி ஸ்ட்ரீட் என்ற மறுவாழ்வு அமைப்பு 1971 முதல் அப்படித்தான் ஓடுகிறது. நாம் சொல்லாமலே புரியும் ஆட்கள் அவர்கள்.

பட்டறைக்காரன்:
வேலையை அவ்வளவு லேசாகத் தள்ளாதீர்கள். நான் இரண்டு பேரை எடுத்தேன், ஒருவர் இருக்கிறார், இன்னொருவர் மூன்றே வாரத்தில் போய்விட்டார். சோம்பல் எல்லாம் இல்லை, வாரத்தில் இரண்டு நாள் காலை பதினோரு மணிக்குக் கையெழுத்துப் போடப் போக வேண்டும், ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்கக் கூச்சப்பட்டு நின்றுவிட்டார். சொல்லியிருந்தால் நேரத்தை மாற்றிக் கொடுத்திருப்பேன். ஆகவே அந்த அமைப்பு முதலாளியிடமும் பேசுமா என்று கேளுங்கள்.

படிக்கட்டு:
தேதியைப் பார்த்தேன், வெள்ளிக்கிழமைதான். அட்டை காலாவதியாகி வருடக்கணக்காகிறது. நாளை பார்க்கப் போகும்போது விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். அம்மாவிடம் இன்னும் பேசவில்லை.