டங்ஸ்டன் விவாதமும் நம் கண்மாயின் வரத்துக்காலும்

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இரண்டு வாரங்களாக நடந்துவரும் விவாதத்தை ஒரு மடல் விடாமல் படித்தேன். துபாயிலிருந்து எழுதிய மாப்பிள்ளை, மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் வரவிருந்த டங்ஸ்டன் சுரங்கத்தை விரட்டிவிட்டு நம் பிள்ளைகளை மறுபடியும் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் அனுப்பி வைக்கிறோம் என்றும், சுற்றுச்சூழல் என்பது வயிறு நிறைந்தவன் பேச்சு என்றும் கோபமாக எழுதியிருந்தார். அதற்குச் சித்தப்பா, மண் தாய்க்குச் சமம், தாயை விற்க முடியாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இருவர் மீதும் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் ஒருவர் தொழில் என்கிறார், மற்றவர் இயற்கை என்கிறார். நடுவில் நம் கண்மாய் எந்தப் பக்கம் என்பதை இருவருமே பார்க்கவில்லை. அதனால்தான் சற்று நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். பதினேழு ஆண்டுகளாகச் சிங்கப்பூரின் துவாஸில் ஓர் இயந்திரப் பட்டறையில், கணினி வழி இயங்கும் சி.என்.சி. கடைசல் இயந்திரங்களைக் கவனித்து வருகிறேன். எஃகைக் கடையும் முனையில் நாங்கள் பொருத்தும் இன்செர்ட் என்ற வெட்டுத்துண்டு சுண்டுவிரல் நகத்தளவு முக்கோணம்; பொன் நிறப் பூச்சு; உள்ளங்கையில் வைத்தால் அந்த அளவுக்குச் சற்றும் பொருந்தாத கனம். அது டங்ஸ்டன் கார்பைடு. மூன்று முனையும் தேய்ந்த பிறகு ஒரு பெயின்ட் டப்பாவில் போட்டு வைப்போம். நிறைந்ததும் எடை போட்டு வாங்கிப்போக ஆள் வருவார், பழைய இரும்பைப் போல இல்லாமல் நல்ல விலை கிடைக்கும். ஆக, டங்ஸ்டனே வேண்டாம் என்று நான் சொன்னால் அது பொய். உலக உற்பத்தியில் ஐந்தில் நான்கு பங்கு சீனாவிடம் இருக்கிறது. இந்தியா தனக்கென ஓர் இடம் தேடுவதில் நியாயமும் உண்டு. மாப்பிள்ளையின் கோபத்தில் அந்த அளவு உண்மையை நான் ஒப்புக்கொள்கிறேன்.

நடந்ததையும் ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம், ஏனென்றால் மடல்களில் தேதிகள் குழம்பிக் கிடக்கின்றன. 2023இல் கனிமச் சட்டம் திருத்தப்பட்ட பின், டங்ஸ்டன் உள்ளிட்ட முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் ஒன்றிய அரசிடம் போனது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பகுதி என்ற பெயரில் 2,015.51 ஹெக்டேர் ஏலத்துக்கு வந்து, 2024 நவம்பர் 7 அன்று ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக அறிவிப்பு வந்தது. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் தபால் நிலையம் வரை ஊர் ஊராகச் சனம் நடந்தது. ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. யார் யாருக்கு எப்போது கடிதம் எழுதினார்கள் என்ற கட்சிச் சண்டை நம் சங்கத்துக்கு வேண்டாம்.

இதற்கு நடுவில் நடந்த ஒன்றில்தான் விஷயமே இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த 20 சதுர கிலோமீட்டருக்குள் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193.215 ஹெக்டேர், 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். எதிர்ப்பு வலுத்ததும் டிசம்பர் இறுதியில், அந்தப் பகுதியை மட்டும் நீக்கிவிட்டு எல்லையை மறுபடி வரையலாமா என்ற பேச்சு வந்தது. தில்லியில் இருந்து வரைபடத்தைப் பார்ப்பவருக்கு அது நியாயமான சமரசமாகத் தெரிந்திருக்கும்: வல்லூறும் தேவாங்கும் அழுங்கு என்ற எறும்புத்தின்னியும் பிழைத்துக்கொள்ளும், மிச்சத்தைத் தோண்டலாம். ஊர்க்காரர்கள் ஒரே குரலில் மறுத்தார்கள். பிடிவாதம் என்று சிலர் எழுதினார்கள். அது பிடிவாதம் இல்லை, தண்ணீர்க் கணக்கு.

அரிட்டாபட்டியைப் பற்றிய அரசு அறிவிப்பே ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 சுனைகள் என்று எண்ணிச் சொல்கிறது. குன்றில் விழும் மழை சுனையாக ஊறி, ஓடையாக இறங்கி, முதல் கண்மாயை நிறைத்து, மிச்சம் கலுங்கு என்ற வழிவாய் வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகிறது. மேல் கண்மாயின் மறுகால்தான் கீழ்க் கண்மாயின் வரத்து. டங்ஸ்டன் தாதுவில் பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு பங்குகூட டங்ஸ்டன் ஆக்சைடு இருப்பதில்லை. பாறையை மாவாக அரைத்துப் பிரித்த பிறகு, தோண்டியதில் ஏறக்குறைய எல்லாமே கழிவுச் சேறாக எங்காவது தேக்கி வைக்கப்பட வேண்டும். அந்தத் தேக்கத்தைக் கண்மாய்ச் சங்கிலியின் நடுவில் வைத்துவிட்டு, மேலே இருக்கும் குன்றுக்கு மட்டும் வேலி போடுவதால் யாருக்கு என்ன பயன்?

சித்தப்பாவோடு நான் மாறுபடும் இடமும் இதுதான். கண்மாய் இயற்கை அல்ல. வெட்டியது, கரை கட்டியது, மடை வைத்தது, மடைக்காரருக்குக் களத்துமேட்டில் நெல் அளந்து கூலி கொடுத்து நடத்தியது. பெரியாற்றுத் தண்ணீரும் அப்படித்தான். 1895இல் அணை திறந்த பிறகு, மேற்கே ஓட வேண்டிய நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பித்தான் மேலூர்ப் பக்கம் நெல் விளைந்தது. இன்றும் கள்ளந்திரிக்குக் கீழே மேலூர் வரைக்கும் ஒருபோகப் பாசனம் 85,563 ஏக்கர் என்று ஒவ்வொரு தண்ணீர் திறப்பு ஆணையிலும் எழுதுகிறார்கள். அதற்காக ஒரு காடு மூழ்கியது. தேக்கடியில் படகில் போனவர்கள் நீருக்கு மேல் கறுத்து நிற்கும் பட்ட மரங்களைப் பார்த்திருப்பீர்கள். நம் வீட்டுச் சோற்றுக்கு விலையாக நின்றவை அவை. எனவே வளர்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கும் உரிமை மேலூர்க்காரர்களுக்கு இல்லை. நடந்தது இயற்கைக்கும் தொழிலுக்கும் இடையிலான வழக்கு என்பதைவிட, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பழைய தொழிலை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கலாமா என்ற வழக்கு என்பதே சரி. அப்படிப் பார்த்தால், அந்தப் பழைய தொழிலில் இருப்பவர்களை ஏலத்துக்கு முன்பு யாருமே கேட்கவில்லை என்பது எவ்வளவு பெரிய குறை என்று புரியும்.

கேட்காமல் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு நாம் வெளியே போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. கிரானைட் காலம் நம் கண் முன்னால் நடந்தது. 2012இல் மதுரை ஆட்சியராக இருந்த சகாயம் அவர்கள், முறைகேடான கிரானைட் குவாரிகளால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று எழுதியதும், 2014இல் உயர்நீதிமன்றம் அதை விசாரிக்க அவரையே சட்ட ஆணையராக நியமித்ததும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நம்மில் பலர் அதைப் பேசும்போது ஏதோ அடுத்த ஊரில் நடந்த திருட்டைப் போலப் பேசுகிறோம். எங்கள் அப்பா மேட்டுக்காட்டில் ஒன்றரை ஏக்கரைக் குவாரிக்கு விட்டார். என் டிப்ளமோவுக்குக் கட்டிய பணமும், முதன்முதலில் சிங்கப்பூர் வரக் கொடுத்த ஏஜென்ட் பணமும் அதிலிருந்து வந்தவைதான். எங்கள் தெருவுக்குக் கிடைத்த வேலை வாய்ப்பு இரண்டு இரவுக் காவலர், ஒரு லாரி கிளீனர். குவாரிக்காரர்கள் நிறம் சரியில்லை என்று கழித்த கற்களை, கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலில் உருட்டிவிட்டுப் போனார்கள். ஒவ்வொன்றும் ஒரு மாட்டுக் கொட்டகை அளவு. அடுத்த ஐப்பசியில் நல்ல மழை பெய்தும் கண்மாய் பாதிதான் நிறைந்தது. அப்பா கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் ஒரு கல்லுக்கு அடியில் நெம்பிப் பார்த்தார். அசையாது என்று அவருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து கடப்பாரையைக் கழுவி வைத்தார், அவ்வளவுதான். நிலத்தை விட்டதைப் பற்றி அதன் பிறகு அவர் வாயே திறக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இத்தனை சொன்ன பிறகும் மாப்பிள்ளையின் கேள்வி அப்படியே நிற்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, பொறியியல் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் என் தம்பி மகன், "கண்மாய் நெறஞ்சா எனக்கு வேலை கெடச்சிருமா, பெரியப்பா?" என்று கேட்டான். கேலியாகத்தான் கேட்டான், ஆனாலும் என்னிடம் பதில் இல்லை. ஒருபோக நெல்லை நம்பி ஒரு குடும்பம் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்க முடியாது. கப்பலூர்த் தொழிற்பேட்டையும் வடபழஞ்சி ஐ.டி. பூங்காவும் மதுரைக்குத் தெற்கிலும் மேற்கிலும் இருக்கின்றன. மேலூர்ப் பக்கத்துக்கு நெல்லும் கல்லும்தான் இதுவரை வாய்த்தது. இந்தக் குறையை வெளியூரில் சம்பளம் வாங்கும் நாம், மண்வாசனை என்று எழுதி மூடிவிடக் கூடாது. அந்தப் பையனுக்கு வேண்டியது மதுரைக்குள் ஒரு நல்ல பட்டறை. அங்கே டங்ஸ்டனால் கடையும் வேலை இருக்கலாம், டங்ஸ்டனைத் தோண்டும் வேலையாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. நம்மில் நான்கு பேர் இதே துறையில் இருக்கிறோம். எங்கள் நிறுவனங்களில் பயிற்சிக்கு ஆள் எடுக்கும்போது ஊர்ப் பிள்ளைகளைச் சொல்லிவிட முடியும். அதைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

இப்போது சங்கத்தின் முன் இருக்கும் காரியத்துக்கு வருகிறேன். சுரங்கத்தை ஆதரித்தோ எதிர்த்தோ சங்கத்தின் பெயரில் தீர்மானம் போட வேண்டும் என்று இரு பக்கமும் கேட்டிருக்கிறீர்கள். அங்கே குடியிருப்பவர்கள் நடந்தே போய்ச் சொல்லிவிட்ட பிறகு, நாம் மின்னஞ்சலில் போடும் தீர்மானத்துக்கு வேலை இல்லை. அதற்குப் பதிலாக, ஊர் எல்லையில் தோரணவாயில் கட்டுவதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் தொகையை வரத்துக்காலுக்குத் திருப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பொங்கலுக்கு வந்தபோது எண்ணிப் பார்த்தேன்: இன்னும் பதினொரு கற்கள் கிடக்கின்றன, இரண்டு இடத்தில் கால்வாயே தூர்ந்து கருவேலம் முளைத்திருக்கிறது. ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, நூறு ஏக்கருக்குக் குறைவு என்பதால் நம் கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கிறது. அனுமதி அங்கேதான் வாங்க வேண்டும். நில அளவைப் புலப்படத்தைப் பார்த்துக் கால்வாயின் பழைய அகலத்தை அளந்து கல் நடாமல் பொக்லைனை இறக்கக் கூடாது, ஏனென்றால் ஒருபுறம் எங்கள் பங்காளிகளின் நிலம், மறுபுறம் செயலாளர் அண்ணன் வீட்டு நிலம். அண்ணன் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

ஆவணிக் கடைசியில் மூன்று வாரம் விடுப்பு எடுத்து வருகிறேன். புரட்டாசியில் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டால் சேற்றில் இயந்திரம் இறங்காது. எனவே இந்த மாத முடிவுக்குள் உறுப்பினர்கள் தங்கள் சம்மதத்தையோ மறுப்பையோ எழுதிவிடுங்கள். கற்களை உடைக்காமல் தூக்க கிரேன் வாடகை எவ்வளவு ஆகும் என்று மேலூரில் விசாரிக்க, துபாய் மாப்பிள்ளையின் தம்பியைக் கேட்டிருக்கிறேன். கிரானைட் காலத்தில் அந்தக் கற்களை ஏற்றி இறக்கிய லாரியில் கிளீனராக இருந்தவர் அவர்தான். எது எங்கே கிடக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

அன்புடன்,
வடக்குத் தெரு வீட்டுப் பிள்ளை,
துவாஸ், சிங்கப்பூர்