ஆறு மாதம் லங்காவியில் பாய்ப்படகைக் கரையேற்றி வைக்கிறேன், பூஞ்சணம் வராமல் தடுப்பது எப்படி?

ஈப்போ படகுக்காரன்:
வணக்கம். என்னிடம் 32 அடி ஃபைபர் பாய்ப்படகு இருக்கிறது. வேலைக்காக மே முதல் அக்டோபர் வரை வெளிநாட்டில் இருப்பேன், அதுவரை மலேசியாவின் லங்காவித் தீவில், படகுகளைக் கரையில் நிறுத்தி வைக்கும் ஒரு யார்டில் கரையேற்றி வைக்கிறேன். போன வருடம் மூன்றே மாதம்தான் பூட்டி வைத்திருந்தேன், திரும்பி வந்து கதவைத் திறந்ததுமே பூஞ்சண வாடை முகத்தில் அடித்தது. மெத்தையைப் புரட்டினால் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளி, அலமாரியில் தோல் செருப்பு பச்சையாகப் பூத்துக் கிடந்தது. ஈரம் உறிஞ்சும் டப்பா எட்டு வாங்கி வைத்தும் இந்தக் கதி. இந்த முறை மேலே தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிவிடலாமா? டீசல் தொட்டியை நிரப்புவதா, காலி செய்வதா?

கெடா மாலுமி:
தம்பி, முதலில் உப்பைக் கழுவுங்கள். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி கசிகிறது இல்லையா, அதேதான் படகுக்குள்ளும் நடக்கிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே உப்பு தண்ணீரை இழுக்கத் தொடங்கிவிடும், லங்காவியில் பெரும்பாலான இரவுகள் அதற்கு மேல்தான். கடல்நீர் பட்ட மெத்தை உறை, கயிறு, தரைப்பலகையின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் மொறமொறவென்று காய வைத்த பிறகுதான் மற்ற வேலையெல்லாம். சுவர், கூரை, அலமாரி உள்பக்கம் எல்லாம் வினிகர் தொட்டுத் துடையுங்கள். மெத்தையை முடிந்தால் வீட்டுக்கே கொண்டுபோய்விடுங்கள், முடியாவிட்டால் காற்றுப் படும்படி நிமிர்த்தி வையுங்கள். அலமாரி, ஃப்ரிட்ஜ் எல்லாம் திறந்தே இருக்கட்டும். அந்த டப்பாக்கள் ஆறு மாதத்துக்குத் தாங்காது, நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் இரும்பை அரிக்கும்.

பினாங்கு பாய்மரம்:
தார்ப்பாயை இறுக்கிக் கட்டவே வேண்டாம், உள்ளே வியர்த்துக் கொட்டும். கூடாரம் மாதிரி உயர்த்திக் கட்டி இரண்டு பக்கமும் காற்றுக்கு வழி விடுங்கள். பாய்களைக் கழற்றி, அலசி, காய வைத்து மடித்து உள்ளே வையுங்கள், வெயிலில் விட்டால் நூல் இற்றுப்போகும். அப்புறம், காக்பிட் (படகோட்டி உட்காரும் திறந்த பள்ளம்) வடிகாலை மறக்கவே மறக்காதீர்கள். என் படகில் ஒரே ஒரு வாதுமை இலை வடிகால் வாயில் ஒட்டிக்கொண்டது, செப்டம்பர் மழையில் காக்பிட் நிரம்பித் தண்ணீர் படியைத் தாண்டி உள்ளே இறங்கி, தரைப்பலகைகள் மிதந்து, ஸ்டார்ட்டர் மோட்டார் போயே போய்விட்டது. படகை விட்டுப் போகும்போது பழக்கத்தில் அடிப்பக்கத் துளைகளின் எல்லா வால்வையும் மூடுவோம், ஆனால் கரையில் நிற்கும்போது வடிகால் வால்வு திறந்திருக்க வேண்டும். மாதம் ஒரு முறை போய்ப் பார்க்க யாருக்காவது காசு கொடுத்து ஏற்பாடு செய்யுங்கள்.

டீசல் மெக்கானிக்:
தொட்டியை நிரப்பிவிடுங்கள். வெற்றிடம் இருந்தால் அங்கே ஈரக்காற்று குளிர்ந்து தண்ணீராகி அடியில் தங்கும், டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் கிருமி வளர்ந்து கறுப்புக் கசடாக ஃபில்டரை அடைக்கும். டீசலுக்கென்றே உள்ள கிருமிநாசினியும் கலந்துவிடுங்கள். எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் ஓடவிட்டு அலசி, எண்ணெயை இப்போதே மாற்றுங்கள், பழைய எண்ணெயில் அமிலம் இருக்கும். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பின் ரப்பர் இம்பெல்லரை (உள்ளே சுழலும் இதழ்ச் சக்கரம்) கழற்றிவிடுங்கள், ஒரே நிலையில் மடங்கி இருந்தால் வளைந்தே போய்விடும். புகைக்குழாய், தொட்டியின் காற்றுக்குழாய் வாய்க்கெல்லாம் மெல்லிய வலை கட்டுங்கள், குளவி மண்கூடு கட்டி அடைத்துவிடும்.

ஈப்போ படகுக்காரன்:
மிக்க நன்றி அண்ணே, எல்லோருக்கும். யார்டில் கரண்ட் தருகிறார்கள், டீஹ்யூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை உறிஞ்சும் மெஷின்) வைக்கலாமா?

கெடா மாலுமி:
வைக்கலாம், ஆனால் அப்போது காற்று வழியையெல்லாம் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது ஊரில் உள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டிருக்கும். கரண்ட் போய் வந்தால் தானாகவே மறுபடி ஓடும் மெஷினாகப் பாருங்கள், தண்ணீர்க் குழாயை சிங்க்கில் விடுங்கள். அந்த சிங்க்கின் வால்வும் திறந்திருக்க வேண்டும். கரண்ட்டை நம்ப முடியாது என்றால் சோலார் ஃபேன் இரண்டு போதும், ஒன்று காற்றை உள்ளே இழுக்க, ஒன்று வெளியே தள்ள.

ஈப்போ படகுக்காரன்:
அங்கே வாரம் ஒரு முறையாவது கரண்ட் போகிறது, அதனால் ஃபேனே வைக்கிறேன். சனிக்கிழமை மெத்தையெல்லாம் ஃபெர்ரியில் ஏற்றிவிட்டு, தரைப்பலகையைக் கழற்றி அலசத் தொடங்குகிறேன்.